கைதட்டலுக்கு விட்ட இடம்

வெண்கலம் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நாடகக் கம்பெனியில் சேர்ந்த புதிதில், கொட்டகையின் கடைசி பெஞ்சில் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒருவர் அவளுடைய முதல் வசனத்தைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கீழே உருண்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு உரியவே இல்லை. மேடையில் மைக் என்பதே இல்லாத காலம் அது. கடைசி பெஞ்சுக்குக் கேட்காத குரல் குரலே இல்லை என்பது சட்டம். அந்தச் சட்டத்தின்படி அவளை யாரும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அவள் புருஷனுக்கும் சொந்தப் பெயர் மறந்து போயிருந்தது. வாழ்நாள் முழுக்க ராஜா வேஷமே கட்டியதால் எல்லோருக்கும் அவர் மகாராஜா. கம்பெனி கலைந்து, கொட்டகை சினிமாக்காரர்கள் கைக்குப் போய், இருவரும் தையல் கடைக்கு மேலே ஒரு மரத்தளம் போட்ட மாடி அறையில் குடியேறிய பிறகும் அந்த மிடுக்கு மட்டும் போகவில்லை. பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் தண்ணீர் கேட்டால்கூட, பக்கத்து நாட்டின் மீது படை கிளம்பச் சொல்வது போலத்தான் இருக்கும். வெண்கலம் கீழே போய்ச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் குடும்பத்தை நகர்த்தினாள். கைதட்டல் கேட்டே வளர்ந்த காது, நாளெல்லாம் தையல் மெஷினின் கடகடப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் தனியாக இருக்கும்போது, பொத்தான் நூலைப் பல்லால் கடிக்கிற நேரத்தில், பழைய வசனம் ஏதாவது நெஞ்சில் முட்டும். முழுங்கிவிடுவாள்.

வானொலி நிலையம் நாடகம் போடக் கற்றுக்கொண்ட கதை ஒரு தனிக் கூத்து. முதலில் அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கொட்டகையில் நடக்கிற நாடகத்துக்கு முன்னால் ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, விழுந்த சத்தத்தை எல்லாம் அப்படியே அனுப்பி வைத்தார்கள். வீட்டில் கேட்டவர்களுக்குக் காலடிச் சத்தமும், வாள் உரசலும், சபையின் சிரிப்பும்தான் மிச்சம். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாது. வெட்டியது யார், விழுந்தது யார் என்று மறுநாள் நிலையத்துக்கே நேரில் வந்து சண்டை பிடித்தவர்கள் உண்டு. அடுத்து, நடிகர்களையே நிலையத்துக்கு வரவழைத்தார்கள். அவர்கள் வழக்கம் போல அரிதாரம் பூசி, மைக்கைச் சபையாக நினைத்துக் கர்ஜித்தார்கள். எத்தனையோ வீடுகளில் ரேடியோவை அணைத்துவிட்டு ஜன்னலையும் சாத்திக்கொண்டார்கள்.

மகாராஜா குரல் தேர்வுக்குப் போனது அந்தச் சமயத்தில்தான். கிரீடம், கவசம், ஒட்டு மீசை ஒன்றும் பாக்கியில்லை. இங்கே வேஷத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாசலில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நான் பாக்கறேனே" என்றார் மகாராஜா.

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளே போய் வசனத்தையும் நன்றாகத்தான் தொடங்கினார். படை கிளம்பட்டும் என்று வலது கையை வீசினார் பாருங்கள், மைக் தாங்கியோடு சாய்ந்து இன்ஜினியரின் காலில் விழுந்தது. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரேடியோ என்ற சொல்லே தடை செய்யப்பட்டுவிட்டது.

சொல்லி அனுப்பினார்கள், ஆனால் வெண்கலத்துக்கு. செய்தியைக் கொண்டுவந்தவர் அவள் கொழுந்தன். மகாராஜாவின் தம்பியான அவர் கம்பெனியில் திரைக்குப் பின்னால் நின்று தகரத்தை ஆட்டி இடி இடித்தவர், கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரை ஓட்டியவர். நடிகர்களை வேண்டாம் என்ற நிலையம் அவரை மட்டும் இரண்டு கையாலும் வாரிக்கொண்டது. அண்ணன் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி அவர் சொன்னார். "அண்ணி, காதுக்குன்னே ஒரு நாடகம் எழுதியிருக்காங்க. கண்ணுக்கு அதுல வேலையே இல்ல. அதுல வர்ற பொம்பளைக்குக் குரல் தேடறாங்க. நான் உங்க பேரைச் சொல்லிட்டேன்."

மகாராஜா நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், போகிறதானால் போ என்றார். அவள் செருப்பைத் தேடும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு கேள்வியையும் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க யாரு கை தட்டுவா?"

அந்தக் கேள்வி அவளோடு படி இறங்கி, தெருவெல்லாம் கூடவே நடந்து வந்தது.

நிலையத்தில் அவளைக் கொண்டுபோய் விட்ட அறைக்கு ஜன்னல் இல்லை. சுவரெல்லாம் கனத்த துணி, தரையில் ஜமக்காளம், நடுவில் ஒரு மைக். ஒரு பக்கம் பெரிய கண்ணாடி. அதற்கு அப்பால் தயாரிப்பாளரும் இன்ஜினியரும். மூலையில் கொழுந்தனின் ராஜ்ஜியம்: ஒரு தகரம், ஒரு தட்டு நிறையச் சரளைக்கல், காய்ந்த பட்டாணி போட்ட சல்லடை, அப்புறம் நிலையோடும் தாழ்ப்பாளோடும் தனியாக நிற்கும் ஒரு கதவு. சுவர் கிடையாது, வீடு கிடையாது, கதவு மட்டும். வெண்கலம் அதைத் திறந்து பார்த்தாள். அந்தப் பக்கமும் அதே அறைதான் இருந்தது. சிரிப்பு வந்தாலும், என்னமோ தெரியவில்லை, திறந்ததைச் சாத்திவிட்டுத்தான் வந்தாள்.

முதல் வசனத்தை அவள் எடுத்ததும் இன்ஜினியர், மைக்கில் வருவதைக் கேட்க மாட்டியிருந்த காதுக்கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஓர் அடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி. இன்னும் கொஞ்சம். முதுகு கதவில் இடித்தது. இதற்கு மேல் தள்ளினால் வீட்டிலிருந்தே பேசிவிடலாம் போலிருக்கிறதே என்று அவளே சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கு முகத்தில் சூடு ஏறியது. முப்பது வருஷம் எந்தக் குரலைக் கொண்டாடினார்களோ அதே குரல் இங்கே தொல்லை.

தயாரிப்பாளர் சின்ன வயசுக்காரர், கோபப்படத் தெரியாதவர். அவளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய், இன்ஜினியரின் காதுக்கருவியை எடுத்து அவள் தலையில் மாட்டினார். கண்ணாடிக்கு அப்பால் கொழுந்தன் மைக்கின் பக்கம் குனிந்தார். உதடு அசைந்ததுகூடத் தெரியவில்லை.

"அண்ணி, சாப்டீங்களா?"

வெண்கலம் துள்ளித் திரும்பினாள். தோளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. கொழுந்தனோ அங்கே, கண்ணாடிக்கு அப்பால், சிரித்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு இழுப்பது கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. பிறகு அவர் சல்லடையை எடுத்து மெல்லச் சாய்த்தார், அவள் தலைக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்தால் பட்டாணி. மூடினால் மழை. திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள், மூடினாள். மூடியபோது தோள் தானாகக் குறுகியது, நனைந்துவிடுவோம் என்று.

"தம்பி, இது எவ்வளவு தூரம் போகும்?"

"ஊர் முழுக்கப் போகும்மா. ஊரைத் தாண்டியும் போகும்."

"இதே மாதிரி, காதுகிட்டயேவா?"

"ஒவ்வொருத்தர் காதுகிட்டயும்."

அவள் அங்கே இருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமும் கடைசி பெஞ்சைப் பார்த்துக் குரலை வீசி எறிந்தவள் அவள். தொண்டை புண்ணாகி, வெந்நீரும் உப்புமாகக் காலம் தள்ளியவள். இங்கே எறியவே வேண்டாமாம். சும்மா கீழே வைத்தால் போதும், கடைசி பெஞ்சே எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். இப்படியொரு அதிசயத்தைச் சட்டைப் பொத்தான் போல ஒரு பொருளுக்குள் அடைத்து, கம்பியில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அத்தனை காதும் பக்கத்தில் வரும், சரி. வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து அவள் மெதுவாகப் பேசப் பழகினாள். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பொத்தானிடம் பேசினாள். வீட்டிலும் அதே குரல் வந்துவிட, மகாராஜா உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நாடகத்துக்காக என்றதும் கையை எடுத்துக்கொண்டார். நிலையத்தின் பெரியவர்களுக்கு இந்தப் புது முயற்சியில் நம்பிக்கை இல்லை என்று தயாரிப்பாளர் அவளிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். இது ஒன்று நன்றாக வந்தால் மாதாமாதம் நாடகம் உண்டு, நாயகியாக அவள்தான். வராவிட்டால் பழையபடி இசைத்தட்டுதான். அப்படி ஆனால் அவளுக்கு மெஷின் கடகடப்பும் பொத்தானும் என்று அவர் சொல்லவில்லை. அது அவளுக்கே தெரியும்.

நாடகம் இதுதான். மலைப்பாதை ஓரத்தில் ஒரு வீடு. அதில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. வெளியே கொட்டுகிற மழை. முன்னொரு காலத்தில் கூடப்பிறந்த தம்பியைச் சண்டை போட்டுத் துரத்திவிட்டவன் அந்தப் புருஷன். இப்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அந்தத் தம்பியாக இருக்குமோ என்று புருஷன் திறக்க மறுக்கிறான். சாவி பெண்டாட்டியின் கையில் இருக்கிறது. கடைசியில் அவள் சொல்கிறாள், "மழையில ஒருத்தர் நிக்கறாங்க. யாருன்னு அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல கதவைத் திறங்க." உடனே, "இந்தாங்க சாவி." அதைக் கேட்டதும் கொழுந்தன் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறக்க வேண்டும். மழையும் அவர்தான், கதவும் அவர்தான். இருப்பது இரண்டு கை. அதனால் அவள் அந்த வசனத்தை ஆரம்பிக்கும்போதே மழையை மெல்லக் குறைத்து, சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக்குப் போய்விடுவது என்று ஏற்பாடு.

ஒலிபரப்பு நாளன்று சாயங்காலம் அவள் கிளம்பும்போது, கேட்காமலேயே மகாராஜா அறிவித்தார், முகமில்லாத நாடகத்தைத் தான் கேட்கப் போவதில்லை என்று. வீட்டில் ரேடியோவும் இல்லை. கீழே தையல்காரரிடம் ஒன்று இருந்தது. அதற்கு அவர் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டு, பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். கேட்க வாருங்கள் அண்ணே என்று அவர் கூப்பிட்டதற்கும் மகாராஜா இறங்கி வரவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துவிட்டால் தும்மல்கூட ஊரெங்கும் போகும். கையிலிருந்த தாள்களை ஒன்றாகக் கோத்திருக்கவில்லை, புரட்டினால் சரசரக்கும் என்பதால். படித்து முடித்த பக்கத்தை அப்படியே நழுவவிட வேண்டும், அது ஜமக்காளத்தில் சத்தமில்லாமல் விழும். புருஷனாக நடித்தவர் ஒரு சரித்திர வாத்தியார். அவர் குரல் பிசகவில்லை. கொழுந்தனின் பட்டாணி மழை சோவென்று பெய்தது. வெண்கலம் மைக்கின் பக்கத்தில் வாயை வைத்து, ஒரே ஒரு ஆளிடம் பேசுவது போலப் பேசினாள். பக்கங்கள் ஒவ்வொன்றாகக் காலடியில் விழுந்தன. எல்லாம் ஜோராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"மழையில ஒருத்தர் நிக்கறாங்க" என்றாள். மழை குறைந்தது. "யாருன்னு அப்புறம் கேட்டுக்கலாம்." மழை நின்றது. கொழுந்தன் பூனை போலக் கதவுக்கு நகர்ந்தார். "முதல்ல கதவைத் திறங்க."

சொல்லிவிட்டு, நின்றாள்.

இதை எப்படிச் சொல்வது? மேடைக்காரர்களுக்கு மட்டும் வரக்கூடிய தப்பு அது. இப்படியொரு வசனத்தை மேடையில் இப்படிச் சொன்னால் கைதட்டல் வரும், அதில் சந்தேகமே இல்லை. அப்போது நடிகை அசையக் கூடாது. மூச்சை விடக் கூடாது. கைதட்டல் எழும்ப வேண்டும், உச்சிக்குப் போக வேண்டும், அடங்கத் தொடங்குகிற அந்த நொடியில் அடுத்த சொல்லைப் போட வேண்டும். முன்னால் போட்டால் சொல் முழுகிவிடும், பின்னால் போட்டால் சூடு ஆறிவிடும். எந்தத் தாளிலும் எழுதியிராத வித்தை அது. யோசித்துச் செய்வதில்லை, உடம்பு செய்வது. அன்றைக்கும் உடம்புதான் செய்தது. இல்லாத சபைக்காக அவள் உடம்பு காத்துக்கொண்டு நின்றது.

மழை இல்லை. குரல் இல்லை. கொழுந்தன் தாழ்ப்பாளில் கை வைத்தபடி சிலையாக நின்றார். சாவி என்ற சொல் வராமல் அவர் எப்படித் திறப்பார்? வாத்தியார் வாயைத் திறந்து மூடினார், அவருக்கு வசனம் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் இன்ஜினியர் எழுந்துவிட்டார். மௌனம் என்பது அவருக்குப் பரம எதிரி. ஒலிபரப்பில் சத்தம் நின்றால் வருந்துகிறோம் என்று சொல்லி வயலின் தட்டைப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. அவர் கை இசைத்தட்டின் முள்ளைத் தூக்கியது. தயாரிப்பாளர் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றபடி இருவரும் தன்னையே பார்ப்பதை வெண்கலம் பார்த்தாள். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. சபை இல்லை. பெஞ்சு இல்லை. துணி போர்த்திய நாலு சுவர். காதை எவ்வளவு தீட்டினாலும் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எது அவளை அசைத்தது என்று அவளுக்கே தெரியாது. எங்கேயோ எதுவோ ஒன்று அடங்கியது போல இருந்தது. அவ்வளவுதான். வாய் தானாகத் திறந்தது.

"இந்தாங்க சாவி."

தாழ்ப்பாள் நீங்கியது. கதவு கிறீச்சிட்டது. கொழுந்தன் தாவிப் போய்ச் சல்லடையை எடுக்க, திறந்த கதவு வழியாக மழை மறுபடி உள்ளே வந்தது. மீதி நாடகத்தை அவள் எப்படிப் பேசி முடித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சிவப்பு விளக்கு அணைந்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வருவதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்படி வழியாக இறங்கிவிட்டாள். அண்ணி என்று கொழுந்தன் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. எந்த முகத்தோடு திரும்புவது? அத்தனை பேர் உழைப்பையும் நட்டாற்றில் விட்டுவிட்டு, கைதட்டலுக்காகக் காத்து நின்றேன் என்று வெளியே சொல்ல முடியுமா? இனி மைக் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். யாரும் பார்க்காத சந்துகளாகத் தேடிப் பிடித்துச் சுற்றி நடந்தாள். பொத்தானுக்கு ஏற்ற கை, பொத்தானே தைக்கட்டும். நினைக்க நினைக்க அழுகை வந்தது, கோபமும் வந்தது.

மூன்றாவது சந்தில் திரும்பியபோது, தெருவில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தாள். நெருப்பு பிடித்ததோ, திருடன் வந்தானோ. ஏனென்றால் கதவுகள் திறந்து கிடந்தன. ஒன்று இரண்டு இல்லை. எல்லா வீடும் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த வரிசையில் நாலு, அந்த வரிசையில் ஐந்து என்று, விளக்கு வெளிச்சம் தெருவில் விழும்படி அகலத் திறந்து கிடந்தன. வாசல்களில் மனிதர்கள் நின்றார்கள். கூச்சல் இல்லை, ஓட்டம் இல்லை. சும்மா நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் குடை வைத்திருந்தார். இன்னொருவர் உள்ளங்கையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. நட்சத்திரம் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தது.

வெண்கலம் நடை தளர்ந்து நின்றாள். ஒரு வாசலில் மாவு ஒட்டிய கையோடு நின்றிருந்த ஒரு பெண் அவளைப் பார்த்துச் சட்டென்று ஓரடி இறங்கி வந்தாள்.

"அங்கயே நிக்கறீங்களே, உள்ள வாங்க. நனைஞ்சுடப் போறீங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மேலே பார்த்தாள், வெட்கப்பட்டுச் சிரித்தாள். மன்னிச்சுக்கோங்க, ரேடியோவில் நாடகம் கேட்டேன், அதே நினைப்பு என்றாள். நீங்க கேட்டீங்களா என்று விசாரித்தாள். வெண்கலம் இல்லை என்று தலையாட்டினாள். வேறு என்ன சொல்வாள்?

"ஒரு அம்மா பேசினாங்க" என்றாள் அந்தப் பெண். "கதவைத் திறங்கன்னு சொன்னாங்க. சொல்லிட்டு ஒண்ணுமே பேசல. மழைச் சத்தம்கூட நின்னுபோச்சு. எனக்கு என்னவோ அவங்க என்னையே பாத்துட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு. நான் திறந்தாத்தான் மேல பேசுவாங்கபோலன்னு எழுந்து வந்து திறந்துட்டேன். திறந்து பாத்தா எதிர் வீட்டுக்காரரும் திறந்துட்டு நிக்கறாரு. நாங்க ரெண்டு வீடும் பேசியே வருஷக்கணக்காச்சு."

எதிர்வீட்டுக்காரர் குடையை மடக்கி வைத்துக்கொண்டு, அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றார். தெரியவில்லையே என்றாள் அந்தப் பெண். வெண்கலம் அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மேடையில் முப்பது வருஷம் அவளைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவராவது இருந்த இடத்தை விட்டு எழுந்து போய் எதையாவது திறந்ததுண்டா? இவர்களுக்கு அவள் முகம் தெரியாது. பக்கத்தில் நிற்பது தெரியாது. ஆனால் வாயால் சொன்ன ஒரு சொல்லும் சொல்லாமல் விட்ட ஒரு இடமும் அவளுக்கு முன்னால் ஓடி வந்து, தெருத்தெருவாகக் கதவைத் திறந்து வைத்திருந்தன. கால் தரையில் பாவாமல் நடந்தாள். அடுத்த தெருவிலும் திறந்திருந்தது. அதற்கடுத்த தெருவிலும். வெளிச்சத்தை மிதித்து மிதித்துப் போனாள். பயமாகக்கூட இருந்தது அவளுக்கு. இவ்வளவு பெரிய ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, ஜாக்கிரதை என்று ஒருவரும் சொல்லவில்லையே.

தையல் கடையும் திறந்திருந்தது. மெஷின் ஓடவில்லை. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றார். அவளைக் கண்டதும் ஒரு நாளும் இல்லாத மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்.

"அக்கா, உங்க கொழுந்தனார் சைக்கிள்ல வந்து தேடிட்டுப் போனாரு. நிலையத்துல டெலிபோன் நிக்காம அடிக்குதாம். அடுத்த மாசமும் நீங்கதான்னு சொல்லச் சொன்னாரு. அண்ணனுக்குப் பயந்து மேல போகல." அப்புறம் குரலைத் தணித்தார். "மேல அண்ணனுக்கு என்ன ஆச்சோ தெரியல. நாடகம் நடந்துட்டிருக்கும்போது படபடன்னு ஒரே சத்தம். நாற்காலியைப் போட்டு உடைக்கறாரோன்னு நினைச்சேன்."

அவள் மேலே நிமிர்ந்து பார்த்தாள். மாடிக் கதவு சாத்தியிருந்தது.

ஊரெல்லாம் திறந்த கதவு. இது ஒன்று சாத்தியிருந்தது. இதுவரை மிதந்துகொண்டு வந்தவளுக்குப் படியேறும்போது கால் கனத்தது. கோபத்தில் நாற்காலியை உடைத்தாரோ? உடைத்திருந்தாலும் குற்றமில்லை. கூட நடித்தவள் தனியாகப் போய் நின்று, அதிலும் நடுவில் திக்கி நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? தட்டினாள். தாழ் போடவில்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தள்ளித் திறந்தாள்.

நாற்காலி உடையவில்லை. அது காலியாக இருந்தது. மகாராஜா அறையின் நடுவில், மரத்தளத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கன்னத்தில் பலகையின் தடம் வரி வரியாகப் பதிந்திருந்தது. காது மடலில் தூசி. தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்கலம் எதிரில் உட்கார்ந்தாள்.

"நடுவுல நின்னுட்டேன்" என்றாள்.

"தெரியும். கைதட்டலுக்கு நின்னே."

அவள் நிமிர்ந்தாள். ஊரில் அத்தனை பேர் காதிலும் விழுந்தது கதவருகே நிற்கிற ஒரு பெண்ணின் குரல். இவர் ஒருவர் காதில் மட்டும் நடிகையின் குரல்.

"தெருவுல எல்லாரும் கதவைத் திறந்துட்டு நிக்கறாங்க" என்றாள் மெதுவாக.

"அப்படியா? எனக்குத் தோணவே இல்ல." அவர் குரலில் படையும் இல்லை, அரசும் இல்லை. இவ்வளவு தாழ்ந்து அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "கீழ ரேடியோ கேக்கறதுக்காகத் தரையில காதை வெச்சுப் படுத்திருந்தேன். நீ அதைச் சொல்லி நிறுத்தின பாரு, எனக்கு உன் முகம் தெரிஞ்சுது. தாடையை லேசாத் தூக்கி நிப்பியே, அது. எழுந்து உக்காந்து கை தட்டினேன். கை எரியற வரைக்கும் தட்டினேன்."

உள்ளங்கைகள் சிவந்து கன்றியிருந்தன. அவள் அவற்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் நிறுத்திட்டு மறுபடி காதைத் தரையில வெச்சேன்" என்றார் மகாராஜா. "வெச்ச உடனே நீ சொன்னே. இந்தாங்க சாவின்னு."